விருந்தாளிக்காகக் கழுவிய குளம்

குளத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் அரசாங்கக் கமிஷன் அக்டோபர் இருபத்து நான்காம் தேதி வருகிறது என்று கடிதம் வந்த அன்றே ப்ரொஃபிரா மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு. எங்கள் ஊர் பப்புரேனியில் எதையும் கைக்கு வருமுன் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும். ஆனால் இரண்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

மேயர் அலுவலகத்தில் நிலம் அளக்கிற உத்தியோகம் அவளுக்கு. ஐம்பத்து நான்கு வயது, புருஷன் போய் ஒன்பது வருடம். ஊர்க் குளத்தைத் தூர்வாரக் கேட்டு அரசாங்கத்தின் நீர்நிலை நிதிக்குத் தொண்ணூறு பக்கத்தில் விண்ணப்பம் எழுதியது அவள் ஒருத்திதான். மேயர் கையெழுத்து மட்டும் போட்டார், அதையும் தப்பான பக்கத்தில்.

குளமா அது? கூட்டுப்பண்ணை கலைந்த வருடத்திலிருந்து அதில் ஒரு மண்வெட்டி இறங்கவில்லை. நாணல் ஆள் உயரத்துக்கு மண்டி, நடுவில் சேறு வெடித்துக் கிடந்தது. செத்த கோழியா, போடு குளத்தில். ஓடாத ஃபிரிட்ஜா, போடு குளத்தில். சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் இறங்கி, மிச்சமிருந்தது கசந்துபோய், தக்காளிச் செடிகூடக் குடிக்க மறுத்தது.

ப்ரொஃபிராவின் மகள் ஒலேசியாவுக்கு அந்தத் தக்காளிச் செடிதான் எல்லாம். பதினோரு வருடமாக அவள் இத்தாலியில் பாதுவாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிக் காலம் தள்ளுகிறாள். அவள் புருஷன் டோரின் அங்கே சாரத்தில் ஏறிச் சுவர் பூசுகிறான். குளத்துக்குக் கீழே இருக்கும் குடும்ப நிலத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி வளர்க்கலாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாம் என்பது இரண்டு பேருக்கும் கனவு. தண்ணீர் இருந்தால்தானே? இதற்கு நடுவில் பாதுவா வீட்டுக்காரன் கெடு வைத்துவிட்டான்: வருடம் முடிவதற்குள் வீட்டை வாங்கு, இல்லையென்றால் காலி செய். நிதி வந்தால் மகள் வருவாள். வராவிட்டால் அங்கேயே வீட்டை வாங்கி, அங்கேயே வேர் பிடித்துவிடுவாள். ப்ரொஃபிராவுக்கு மகள் போன் திரையில் மட்டும்தான்.

விதிகளை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். நூறு மதிப்பெண்ணில் நாற்பது, குளம் எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்பதற்கு. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு மேயர் ஹரலாம்பியின் மேசையில் வைத்தாள்.

"தலைவரே, காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். குளத்துல ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதீங்க. இப்ப எப்படி நாறுதோ அப்படியே நாறட்டும்."

"நாறட்டுமா? தலைநகரம் கிஷினாவ்லேருந்து மூணு பேர் வர்றாங்க ப்ரொஃபிரா. அதுல ஒருத்தர் பொம்பளை. அவங்களைக் கூட்டிட்டுப் போய் செத்த கோழியைக் காட்டணுமா நான்?"

"செத்த கோழிக்குத்தான் தலைவரே மார்க்கு!"

"உனக்கென்ன பித்துப் பிடிச்சிருக்கா? உன் பொண்ணைக் கேட்டு சம்பந்தி வீட்டார் வந்தப்ப, முற்றத்துல குப்பையைக் கொட்டி வச்சிருந்தியா? கழுவித்தானே வச்சே? எனக்குத் தெரியும், வேலிக்குச் சுண்ணாம்பு அடிச்சதே நான்தான்."

"அது கல்யாணம், இது கமிஷன்."

"எல்லாம் ஒண்ணுதான். ஏழைன்னு சொல்லட்டும், தாங்கிக்கலாம். அழுக்குப் பயலுகன்னு சொல்லிட்டா? அந்த ஹல்மேனிக்காரனுக பல்லைக் காட்டிச் சிரிப்பானுக."

பக்கத்து ஊர் ஹல்மேனியும் அதே நிதிக்கு விண்ணப்பித்திருந்தது. ப்ரொஃபிரா ஒரு மணி நேரம் மன்றாடினாள். கடைசியில் மேயர், "சரி சரி, உன் இஷ்டம்" என்று கையை ஆட்டினார். ஹரலாம்பி "சரி சரி" என்றால் காது கேட்டது என்று மட்டும்தான் அர்த்தம். இது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் மண் பரிசோதனைச் சான்றில் முத்திரை வாங்க அவள் தலைநகருக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. போனாள். ஒவ்வொரு அலுவலகமாக அலையவிட்டு நான்கு நாள் ஆக்கிவிட்டார்கள், படுபாவிகள்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் பேருந்தை விட்டு இறங்கியதுமே புகை நாற்றம் மூக்கில் ஏறியது. நாணல் எரிகிற புகை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஊரே குளத்தில் நின்றது. நான்கு நாளாக அரிவாளும் கையுமாக நாணலை வேரோடு அறுத்துக் கரையில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். ஃபிரிட்ஜுகளை டிராக்டரில் கட்டி இழுத்துப் போயாயிற்று. கரையிலிருந்த மரங்களுக்கெல்லாம் ஈஸ்டருக்கு அடிப்பதுபோல இடுப்பளவு வெள்ளைச் சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர்! மேல்குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் நிக்கிஃபோர், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மதகைத் திறந்து குளத்தை வற்றவைத்துத்தான் கெண்டை பிடிப்பான். மேயர் சொன்னாரென்று இந்த வருடம் பத்து நாள் முன்னதாகவே திறந்துவிட்டான். அத்தனை தண்ணீரும் கீழே இறங்கி, முழங்கால் ஆழத்துக்கு நின்று வெயிலில் மின்னியது.

"அக்கா! ப்ரொஃபிரா அக்கா!" பக்கத்து வீட்டுத் துடோரா சேற்றுக் காலோடு ஓடிவந்தாள். "பாத்தீங்களா? முகம் பாத்துத் தலை சீவலாம் போல இருக்கில்ல?" இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். நாணல் அறுத்து அறுத்துக் கோடு கோடாகக் கிழிந்து, துணி சுற்றியிருந்தது.

"யாருடி இதைச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? விருந்தாளி வர்றாங்கல்ல? நீங்க ஒத்த ஆளா எவ்வளவு பாடுபட்டீங்க. நாங்க இதுகூடச் செய்யலைன்னா மனுஷங்களா?"

ஐயோ, பாவிகளா, என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டீர்களே என்று கத்த ப்ரொஃபிரா வாயெடுத்தாள். கத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் தண்ணீரைப் பார்த்த ஒரு கணம் அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. கரையோரம் ஒரு பழைய ரப்பர் பூட்ஸ் சேற்றில் செருகி நின்றது. என்ன ஏது என்று யோசிக்குமுன் குனிந்து, அதைப் பிடுங்கி நெருப்பில் போட்டாள். போட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். இவ்வளவு படித்து, விதியை மனப்பாடம் பண்ணி, சிவப்புக் கோடு போட்ட கை!

மறுநாள் கமிஷன் வந்தது. வாசலில் பின்னல் ரொட்டியும் உப்பும் ஏந்திப் பாட்டுப் பாடி வரவேற்றோம். பூசணி வைத்துச் சுட்ட பிளசிந்தா அடை, ஆட்டுப்பால் சீஸ், மேயர் வீட்டு நிலவறை ஒயின் என்று கரையிலேயே மேசை போட்டாயிற்று. கமிஷனுக்குத் தலைமை வலேரியா என்கிற அம்மாள். நாசூக்கான காலணி, கறாரான கண். ரொட்டியில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டாள், ஒயினைத் தொடவில்லை. விண்ணப்பத்திலிருந்த படங்களை எடுத்துத் தண்ணீருக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். படத்தில் வெடித்த சேறு, வாய் பிளந்த ஃபிரிட்ஜ். எதிரே இரண்டு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. வாத்தையும் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"இந்தப் படமெல்லாம் எப்ப எடுத்தது?"

"பழசு மேடம், ரொம்பப் பழசு" என்று முந்திக்கொண்டார் ஹரலாம்பி. "எங்க ஜனங்க குளத்தைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறாங்க."

"உங்களைக் கேக்கல. விண்ணப்பம் எழுதினவங்களைக் கேக்கறேன்." வலேரியா ப்ரொஃபிரா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. எப்ப எடுத்தீங்க?"

ஆகஸ்டில். இந்தத் தண்ணீர் இரவல், கரை முழுக்க ஓட்டை, இரண்டு வாரத்தில் சேறுதான் மிஞ்சும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வலேரியாவின் முதுகுக்குப் பின்னால் அறுபது பெண்கள் கழுவி இஸ்திரி போட்ட உடுப்பில் நின்றார்கள். துடோரா துணி சுற்றிய கையில் ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு, ஒரு நல்ல வார்த்தை விழாதா என்று வலேரியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ரத்தம் சிந்திச் செய்ததுதான் நம் தலையில் மண்ணைப் போட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அந்நியர் முன்னால் எப்படிச் சொல்வது?

"பழசுதான்" என்றாள் ப்ரொஃபிரா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சொன்னதைத்தான் நான் எழுதணும்."

"பழசுதான்னு சொல்றேனே!"

வலேரியா எழுதிக்கொண்டாள். பிறகு பெண்களைப் பார்த்து, "ரொம்ப அழகான குளம்" என்றாள். கைத்தட்டல் ஊரைத் தூக்கியது. துடோரா அழுதேவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஹரலாம்பி குளத்தின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். அரை மணியில் பாதுவாவிலிருந்து போன்.

"அம்மா! தண்ணி வந்திருச்சேம்மா! டோரின் அழறாரும்மா!"

"பொறுடி, நிதி இன்னும் வரல..."

"நிதி எதுக்கும்மா இனிமே? அதான் தண்ணியே வந்திருச்சே! வீடு வேண்டாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடறோம்."

"அவசரப்படாதே. டிசம்பர்ல முடிவு வரும், அதுவரைக்கும் அந்த மனுஷன்கிட்ட வாயைத் திறக்காதே." இவ்வளவுதான் ப்ரொஃபிராவால் சொல்ல முடிந்தது.

மூன்று நாள் கழித்து ஊர்த் திருநாளில் இந்தக் குளத்தைப் பார்க்காத விருந்தாளி இல்லை. நவம்பர் எட்டாம் தேதி தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. நிக்கிஃபோர் மீனை அள்ளி முடித்து, மதகை அடைத்து, தன் குளத்தை நிரப்பத் தொடங்கிவிட்டான். அது அவன் பிழைப்பு. மாசக் கடைசியில் சேறு மறுபடி வெடித்தது. ப்ரொஃபிரா தினமும் அலுவலகம் போகும்போது கரை வழியாகப் போகாமல் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. நிதி ஹல்மேனிக்கு. அவர்கள் நாணலில் ஒரு தண்டைக்கூட அறுக்காததோடு, கமிஷன் வருமுன் நான்கு டிராக்டர் சாணியை வேறு குளத்தில் கொட்டியிருந்தார்களாம். எங்களுக்கு ஒரே ஒரு வரி: நீர்நிலை நல்ல நிலையில் உள்ளது, ஊரார் பராமரிப்பு பாராட்டத்தக்கது, நிதியுதவி தேவையில்லை.

"பாராட்டியிருக்காங்க பாரு!" என்றார் ஹரலாம்பி. கேலியாக இல்லை, நிஜமாகவே குரல் தழுதழுத்தது. "முத்திரையோட எழுதிக் கொடுத்திருக்காங்க. ஹல்மேனிக்காரனுக்கு இப்படி எழுதுவாங்களா?" கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். ப்ரொஃபிரா கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கோட்டின் கையைக் கடித்துக்கொண்டு அழுதாள். என்ன அழுது என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஒலேசியாவிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு வீட்டுக்காரரிடம் பதில் சொல்லியாக வேண்டும், இனி தவணை கிடையாது. முடிவு வந்ததா? பிள்ளை குளத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், ஒரு படம் எடுத்து அனுப்பு.

ப்ரொஃபிரா கரைக்குப் போனாள். பனி பெய்து சேறு இறுகிக் கிடந்தது. நடுவில் புதிதாக ஒரு சோபா கிடந்தது, பஞ்சு பிதுங்கிக்கொண்டு. சுண்ணாம்பு அடித்த மரங்கள் மட்டும் இன்னும் பளிச்சென்று நின்றன. போனை அந்த மரங்கள் பக்கம் பிடித்தாள். மரமும் வானமும் மட்டும் விழுகிற மாதிரி எடுத்து அனுப்பினால், மகள் கிளம்பி வந்துவிடுவாள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மகள் பக்கத்தில் இருப்பாள். வந்து எதைக் குடிப்பாள், எதை நடுவாள்? ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். விரல் மரத்துப்போயிற்று. பிறகு போனைத் திருப்பி, சேற்றையும் சோபாவையும் எடுத்து அனுப்பினாள்.

உடனே மணி அடித்தது.

"தப்பான படத்தை அனுப்பிட்டியேம்மா" என்று சிரித்தாள் ஒலேசியா. "இது பழசு."

"பழசு இல்லடி."

"பழசுதாம்மா, விண்ணப்பத்துக்கு எடுத்தியே, அது. புதுசை அனுப்பு, பிள்ளை காத்துட்டிருக்கா."

"இப்பத்தான் எடுத்தேன். கரையிலதான் நிக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. தூரத்தில் டோரின் ஏதோ கேட்பதும், பிள்ளை இத்தாலியில் நச்சரிப்பதும் கேட்டது.

"அந்த வீட்டை வாங்கிக்கோங்கடி" என்றாள் ப்ரொஃபிரா.