அப்படியே போடுங்க

“முதலாளியைக் கூப்பிடுங்க” என்று போட்டோ லேப் கவுண்டரில் சொல்லியே விட்டாள், எந்தக் கடையிலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொன்ன வார்த்தை, கேட்டா யாரோ ஒருத்தர் பொழப்புல மண்ணு விழும்டி என்பாள், ஆஸ்பத்திரிப் போர்வையில் போகாத ஒரு கறைக்காக அம்மாவை அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் ஒருத்தி அப்படித்தான் முதலாளியிடம் மாட்டிவிட்டாள், இருக்கட்டும், அதற்காக எத்தனை பேரிடம்தான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது? முதல் லேபில் ஃபிலிமைக் கழுவுகிறேன் என்று நீளத்துக்குக் கோடு கிழித்துக் கொடுத்தான், அடுத்தவன் ஸ்கேன் செய்துவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டான், “அது எதுக்குங்க இனிமே?” என்று அவளையே கேட்டான், குழந்தையைப் போட்டோ எடுத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி எறிவானா இவன்... வீட்டில் முதல் பட்டதாரி, அசடு வழிந்துகொண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாவது இந்த லேப், மறுபடி எடுத்த ஃபிலிம். நெகட்டிவில் ஒரு தூசு இல்லை, அப்பாடா என்று பிரிண்டைப் பார்த்தால் அதில் அம்மாவே இல்லை, மாவில் புரட்டி எடுத்த யாரோ ஒரு பொம்பளை, முழங்கை வரைக்கும் நீராவி இஸ்திரி இயந்திரம் போட்ட சூட்டுத் தழும்புகளைத் துடைத்து வழித்திருந்தார்கள், அந்தக் கைக்காகத்தானே படமே எடுத்தாள்! உழைக்கும் பெண்கள் பற்றிய கண்காட்சி, இன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அவள் எடுத்த படம் முதல்முறையாக ஒரு சுவரில் ஏறப்போகிறது. அப்படியே போடுங்க, எதையும் தொடாதீங்க என்று திருப்பிக் கொடுத்தாள், நேற்று வாங்கிவர அம்மாவை அனுப்பினால் இன்னும் ஆகலையாம் என்று வெறுங்கையோடு வந்தாள், இன்று வந்து பார்த்தால் முன்னைவிட வெளுப்பு.

முதலாளி வந்தார், படத்தைப் பார்க்கக்கூட இல்லை, பிரிண்ட் போடுகிறவரைப் பிடித்துக்கொண்டார், “என்னய்யா பண்ணித் தொலைச்ச? நாளைலேருந்து வீட்லயே கெட.” அந்த மனிதர் கழுத்தைச் சொறிந்தார், அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார். “உங்கம்மாதான்மா... நேத்து வந்தாங்க. நாலு பேரு பாக்கப் போறாங்களாம், கையைக் கொஞ்சம் நல்லாப் போட்டுக் குடுப்பா, எம் பொண்ணுக்குத் தெரிய வேணாம்னாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?”

சொல்லுங்களாமே, எதைச் சொல்வது? ஏன் அம்மா, இந்தக் கையால்தானே சோறு போட்டாய், ஃபீஸ் கட்டினாய், இதில் என்ன வெட்கம் உனக்கு, வெட்கப்பட வேண்டியவன் கையுறைகூட வாங்கித் தராத அந்தச் சலவைக்கூடத்துக்காரன் இல்லையா... சரிதான், ரொம்ப நியாயம், ஆனால் கை யாருடையது? இவ்வளவு அலைந்து கடைசியில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு லேப் கிடைத்திருக்கிறது, சொன்னது இவள் இல்லை, அவ்வளவுதான். “அவரை விடுங்க சார், தப்பு அவர்மேல இல்ல” என்றாள், குரல் என்னவோ சண்டைக்குப் போவது மாதிரியே இருந்தது. முதலாளி உடனே குழைந்தார், “தழும்போடயே ஒண்ணு போட்டுடலாம்மா, கொஞ்சம் உக்காருங்க, சூடாக் குடுத்துடறேன்.” உட்கார்ந்தால் போதும், சாயங்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம், அம்மா அந்த அரங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கப் போகிறாளா என்ன?

“வேணாம். நெகட்டிவை மட்டும் குடுங்க.”

வாங்கிப் பையில் போட்டாள், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், கண்காட்சி அரங்கம் இருக்கும் திசையில் திரும்பக்கூட இல்லை, நடந்தாள், கோபம் மட்டும் இறங்கவில்லை, பேர் ஊர் தெரியாத ஒரு ஆளிடம் அந்தக் கையை நீட்டிக் காட்டிப் பேசியிருக்கிறாள் அம்மா, வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், ஒரே பாயில் படுக்கிறோம், ஒரு வார்த்தை, வேணாம்டி என்று ஒரே ஒரு வார்த்தை... என்னிடம் அவ்வளவு பயமா அவளுக்கு?