முட்டியில் விலா எலும்பு

மதர்போர்டில் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் அந்தச் சிப்செட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். கணினியின் வன்தட்டில் ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் வழியாக இன்னொன்று வந்து சேர்ந்தால், அதை எடுத்து இதில் கொட்டிவிடும். கொட்டிவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சத்தியமும் செய்யும். தயாரித்த நிறுவனம் இதற்குச் சூட்டியிருந்த பெயர் 'செயல்திறன் மாறுபாடு'.

யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவைக்கப்பட்ட ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், மதர்போர்டோடு மல்லுக்கட்டும் பகுதி ஒட்டுக்காரியின் பொறுப்பு. ஊரான் போட்ட ஓட்டைக்கெல்லாம் ஒட்டுப் போட்டே நாற்பதைத் தாண்டியவள் என்பதால் வந்த பெயர். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்காதபடி அவள் ஒரு தடுப்பு எழுதினாள். வேகம் பாதியானது; கோப்புகள் பிழைத்தன. எந்த ஒட்டுப் போட்டாலும், கணினி எழும்போது திரையில் அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த சிஸ்டத்தைச் சேர்ந்து எழுதுகிறவர்களின் வழக்கம். அவள் எழுதிய வரி: 'பழுதான சிப்செட். மெதுவாகப் போகிறோம்.'

அதன் முதல் சொல்தான் நிறுவனத்தின் துணைத்தலைவரை, வலிக்கிற முட்டியோடு, அவளுடைய மாடிப்படி ஏறவைத்தது. கீழே அவள் அக்கா கணவரின் எக்ஸ்ரே நிலையம்; அங்கிருந்த கணினியிலும் அதே சிப்செட், அதே தடுப்பு. மேலே அவள் அறை.

"மேடம், எங்க உள் ஆவணங்கள வெளியாளுக்குக் காட்டினதே இல்ல. உங்களுக்குத் தர்றோம். அத வச்சுச் சரிபண்ணி முழு வேகத்துல ஓட்டிக்கலாம். ஒரே ஒரு சொல்ல மாத்துங்க. 'பழுதான' வேணாம். 'தனித்தன்மை வாய்ந்த'ன்னு போடுங்க."

"என்ன சார் தனித்தன்மை? குடுத்ததத் தொலைக்கிறதா?"

"தொலைக்கல மேடம். இடம் மாறுது."

ஒட்டுக்காரியின் நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. அந்த ஆவணத்துக்காக வருடக்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். ஆனால் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால், கெட்டுப்போன கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்கிறவனுக்கு, தப்பு அவனுடையது இல்லை என்று யார் சொல்வது?

அதற்குள் அத்தான் மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஒத்துக்கோயேம்மா. கீழ வரிசை வாசலத் தாண்டி நிக்குது. ஒரு படம் ஏறுறதுக்குள்ள ஒடஞ்ச எலும்பு தானாவே கூடிடும் போலருக்கு."

"கொஞ்சம் யோசிக்க விடுங்க அத்தான்."

அத்தானுக்கு யோசனை ஆகாது. ஆவணம் கைக்கு வந்த மாதிரிதான் என்று அவரே முடிவுகட்டி, முட்டியை ஒரு படம் பிடித்துவிடலாம் என்று விருந்தாளியைக் கீழே அழைத்துப்போனார். வேகத்தைக் காட்டி அசத்த வேண்டுமே! சோதனைக்கென்று ஒட்டுக்காரி வைத்திருந்த வழியில் தடுப்பைக் கழற்றிவிட்டுக் கணினியை எழுப்பினார்.

படம் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. மேல் பாதியில் முட்டிச் சில்லு. கீழ் பாதியில் வரிசையாக விலா எலும்புகள்.

"இது... என் முட்டியா?" என்றார் துணைத்தலைவர்.

பின்னாலேயே இறங்கி வந்த ஒட்டுக்காரிக்கு அத்தானின் முழியே நடந்ததைச் சொல்லிவிட்டது. "மேல் பாதி உங்களோடது சார். கீழ, பக்கத்து அறையிலேருந்து அதே நேரத்துல வந்த யாரோட நெஞ்சோ. செயல்திறன் மாறுபாடு."

"வெளையாடாதீங்க! இத நம்பி ஒரு டாக்டர் கத்திய எடுத்திருந்தா?"

"அதத்தான் சார் அந்தச் சொல்லு சொல்லுது. அது அங்கயேதான் இருக்கும்."

துணைத்தலைவர் நிமிர்ந்தார். பதவி மறுபடி முதுகில் ஏறிக்கொண்டது. "அப்ப ஆவணம் கிடையாது."

"வேணாம். இவ்வளவு நாளும் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் ஒட்டுப் போட்டேன். கை பழகிடுச்சு."

அத்தான் தடுப்பை மாட்டிக் கணினியை மறுபடி எழுப்பினார். திரையில் அந்த வரி வந்து நின்றது. வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் படித்தார்கள்.

"ரெண்டு படத்தையும் திரும்ப எடுக்கணும் சார். வரிசையில உக்காருங்க" என்றாள் ஒட்டுக்காரி.

"எனக்குக் கூட்டம் இருக்கு. சீக்கிரம் ஆகாதா?"

இதுவரை வேகத்துக்கே வக்காலத்து வாங்கிய அத்தான், திரையை விரலால் தட்டி, வாசல் வரை கேட்கும்படி சொன்னார்:

"பழுதான சிப்செட் சார். மெதுவாத்தான் போவோம்."