துவைக்கக் கூடாத நைட்டி

ரயில் பெட்டியின் கோடியிலிருந்த கை கழுவும் தொட்டியில் நைட்டியை இரண்டாம் முறை அலசி, முறுக்கிப் பிழிந்து, பழக்க தோஷத்தில் ஓர் உதறு உதறிய பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது. உறைத்தது என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு பகலும் ஓர் இரவும் கண்மூடாதவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. தகவலாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான். இடது தோளில் குழந்தை, வலது கையில் ஈரத் துணி. முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனை மட்டும் வந்தது. நல்ல சலவை.

அவன் சலவைக் கடை வைத்திருப்பவன். மனைவி நர்ஸ். தூரத்து நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது குழந்தைக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை. பயிற்சிக் காலம் முடியும்வரை விடுதியில்தான் தங்க வேண்டும், விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை கிடைத்த இடமோ குழந்தைகள் நல மருத்துவமனை. கிளம்புகிற அன்று காலையில், இரவெல்லாம் உடுத்தியிருந்த நைட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இத மட்டும் தொவைச்சிடாதீங்க. என் வாசனை இதுல இருக்கட்டும். நான் திரும்பப் பாக்குறப்ப இவளுக்கு என்னைத் தெரியணும்."

"அழுக்குத் துணியக் கையில குடுத்துட்டுத் தொவைக்காதேன்னு சொன்ன மொத ஆளு நீதான்."

அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த நைட்டியைக் கட்டிக்கொண்டால்தான் குழந்தை தூங்கும். கடையில் துணிக்கூடைக்குள் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். யாராவது அயர்ன் பெட்டியைக் கீழே வைத்தால் கத்துவாள். அதனால் மேனேஜர் என்று பெயர். வாடிக்கையாளர்கள் கூடையை எட்டிப் பார்த்து, "ஊர்த் துணியெல்லாம் வெளுக்குற, உன் வீட்டுத் துணி இந்த லட்சணத்துல கெடக்கே" என்பார்கள். இத்தனை மாதத்தில் அதில் மிஞ்சியிருந்தது மனைவியின் வாசனைதானா, அல்லது எச்சிலும் பாலும் பவுடரும் சேர்ந்து ஊறிய வேறொன்றா என்று யாரும் ஆராயவில்லை. நம்பிக்கையை யாரும் சோப்புப் போட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது மனைவிக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு அறை கிடைத்திருந்தது. சாயங்காலம் வண்டி போய்ச் சேரும். குழந்தையை ஒப்படைத்துவிட்டு மறுநாளே அவன் திரும்ப வேண்டும். கடையை மச்சான் பார்த்துக்கொள்கிறான். அதாவது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். ஒரே நாளில் மேனேஜர் அம்மாவை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அதற்கு இருந்த ஒரே சிபாரிசு இந்த நைட்டி. காலையில் குடித்த பாலையெல்லாம் அதன்மேல் குழந்தை வாந்தியெடுத்தாள். கறையைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. தலை தூங்கிக்கொண்டிருந்தது, கை வேலைக்குப் போய்விட்டது.

இடத்துக்குத் திரும்பி நைட்டியை ஜன்னல் கம்பியில் கட்டினான். எதிர் இருக்கையில் பேச்சாளர் இருந்தார். ஏறி உட்கார்ந்ததுமே, யாரும் கேட்காமல், தாம் பேச்சாளர் என்று பெட்டிக்கு அறிவித்திருந்தார். தாய்மையின் மகத்துவம் குறித்து ஒரு மாநாட்டில் பேசப் போகிறாராம். வெள்ளைச் சட்டை. இடது கையில் மடிப்புக் கோடு இரண்டாக விழுந்திருந்தது. எவனோ அவசரத்தில் தேய்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

"கொழந்தையோட அம்மா எங்க தம்பி?"

"வேலை பாக்குற ஊர்ல இருக்காங்க சார். அங்கதான் போறோம்."

"த்சொ." பேச்சாளர் கண்களை மூடித் திறந்தார். "எங்க வீட்ல ஆறு பிள்ளைங்க. ஒண்ணு, ஒரு நாள் அழுது நான் கேட்டதில்ல."

"யாரு சார் வளத்தாங்க?"

"வீட்லதான். நான் ஊர்ல எங்க இருந்தேன்? மாசம் பூரா கூட்டம்."

அவன் தலையாட்டினான். குத்திக் கேட்கவில்லை. குத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் நைட்டி காய்ந்துவிட்டது. குழந்தை தாவிப் பிடித்து முகத்தில் அழுத்தினாள். பிறகு அதை விலக்கி, புரட்டி, இன்னொரு மூலையை முகர்ந்தாள். கீழே போட்டாள். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியே வைத்தியராகிவிட்டது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். மூடச் சொன்னார்கள், மூடினான். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அது அவன் சட்டையை நனைத்தது. கதவு வரைக்கும் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடியும் நடந்தான். அழுகை அவனுக்கு எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுகிற மோட்டார் சத்தம்போலக் கேட்டது. விடிந்ததிலிருந்து கழிப்பறைக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சார், ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்குறீங்களா?"

பேச்சாளர் இடதும் வலதும் பார்த்தார். தாய்மையின் மகத்துவம் பேசுகிறவர், பெட்டியே பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. மேடையில் நினைவுப் பரிசை வாங்குகிறவர்போல, எதிரில் யாரோ படம் எடுக்கிற தோரணையில் குழந்தையை நீட்டிப் பிடித்தார்.

அவன் திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பேச்சாளர் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். "ஆகவே, அன்பார்ந்த தாய்மார்களே, தாய் என்பவள் ஒரு தனி மனுஷி அல்ல…" ஏற்ற இறக்கமில்லாத, பல மண்டபங்களில் தேய்ந்த குரல். குழந்தை அவர் மடியில் சரிந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் ஒரு கோயில் என்று சொன்னபோது இமைகள் இறங்கின. தாய் ஒரு கடல் என்றபோது தூங்கிப்போனாள்.

"தூங்கிட்டா சார்."

"தெரியுது." பேச்சாளர் குரலைத் தாழ்த்தினார். "வழக்கமா மூணாவது வரிசைலேருந்துதான் ஆரம்பிப்பாங்க. முன் வரிசையிலயே தூங்கினது இவதான்."

"குடுங்க சார், நான் வாங்கிக்கிறேன்."

"இருக்கட்டும். முழிச்சுக்கப் போவுது." சற்று நேரம் கழித்து, "கை மரத்துப்போச்சு தம்பி" என்றார்.

"பழகிடும் சார்."

பேச்சாளர் அதன் பிறகு பேசவில்லை. ஒருமுறை மட்டும், "ஆறு பிள்ளைல ஒண்ணக்கூட…" என்று தொடங்கி, குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சில் தம் சட்டையில் பரவுவதைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டார். இவனுடைய கண்கள் தாமாகவே அந்தக் கறையை அளந்தன. குளிர்ந்த தண்ணீரே போதும்.

நடைமேடையில் மனைவி ஓடி வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். உடுப்பில் ஆஸ்பத்திரி மருந்து வாடை, நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. "இளைச்சிட்டீங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்த்துக் கைகளை நீட்டினாள்.

ரசீது இல்லாமல் துணி கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல மேனேஜர் அவளைப் பார்த்தாள். பிறகு அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, காலரை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. கைப்பையைச் சரி செய்ய அவை திரும்பிப் போயின.

"நைட்டி எங்க?"

கொடுத்தான். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தொவைச்சிட்டீங்க."

"கை தொவைச்சிடுச்சு."

"யாரு கை?"

அவன் தன் கையைப் பார்த்தான்.

"கஞ்சியும் போட்டிருக்கலாமே" என்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. அவளும் தூங்கியிருக்கவில்லை என்று கண்களைப் பார்த்தால் தெரிந்தது. இறங்கிய கூட்டம் அவர்களைச் சுற்றிப் பிரிந்து போனது. பேச்சாளர் வலது கையை உதறி உதறி நடந்துபோனார். யாரோ மாலையோடு அவரை நோக்கி வந்தார்கள்.

அவள் நைட்டியை விரித்து நெற்றியைத் துடைத்தாள். பிறகு கழுத்து, பின்கழுத்து, காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு. பாத்திரம் துடைப்பவள்போல அழுத்தி, அவசரமில்லாமல். துடைத்து முடித்ததும் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையைப் பார்க்காமல், அவனுக்குப் பக்கத்தில் வந்து தண்டவாளத்தைப் பார்த்து நின்றாள்.

காலரில் ஒரு பிடி தளர்ந்ததை அவன் உணர்ந்தான். அசையவில்லை. ஒரு சிறு கை அவன் தோளைத் தாண்டிப் போய், தொங்கிய துணியின் முனையைப் பிடித்து இழுத்து, முகத்தில் வைத்துக்கொண்டது. இன்னொரு கை காலரை விடவில்லை.

அவள் ஊரிலிருந்த நாட்களில், கடையில் பெரிய விரிப்புகளை மடிக்கும்போது அவனும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நிற்பார்கள். யாராவது ஒருவர் மற்றவரை நோக்கி முதல் அடி வைத்தால்தான் மடிப்பு விழும். துணி இப்போது அவள் தோளுக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவே, இறுகாமலும் தொய்யாமலும் நின்றது.