ரஜிதாவின் மீசை

ரஜிதா தன் போனிலிருந்த தன் படத்துக்கு மீசை வரைந்த சனிக்கிழமை, இரத்தோட்டையில் முப்பத்தெட்டுப் போன்களில் அவளுக்கு மீசை முளைத்தது. நாவுலயில் மறுநாள்தான் முளைத்தது. பஸ் போய்ச் சேர வேண்டாமா?

படத்தைப் பரப்பியவர் கல்யாணத் தரகர் நாகமுத்து. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் சிக்னல் கிடையாது என்பதால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரின் போனுக்கு அனுப்புவார்; அவர் அடுத்தவருக்கு. நாளடைவில் போன்கள் தாங்களாகவே கொடுத்து வாங்கப் பழகிக்கொண்டன. ரஜிதா முன்பள்ளி டீச்சர், வயது முப்பத்தொன்று. கல்யாணமே வேண்டாம், அந்தப் படம் ஒழிந்தால் போதும் என்றிருந்தாள். பத்துப் பேரைக் கெஞ்சி அழிக்க வைத்தாள். பக்கத்துப் போன்களோ, ஐயோ பாவம், இதனிடம் இல்லையே என்று திரும்பக் கொடுத்துவிட்டன. அழிப்பதற்கு மதிப்பில்லை, கடைசியாகச் செய்த திருத்தத்துக்குத்தான் மதிப்பு என்று கண்டுகொண்ட பிறகே அவள் மீசையில் இறங்கினாள்.

அம்மா ராசம்மா விடுவாளா? தன் போனில் மீசையைத் துடைத்தாள். மகள் வரைந்தாள், தாய் துடைத்தாள். ஆறு மாதம் இரத்தோட்டை டவுனில் காலையில் மீசை, பின்னேரம் மழுமழு முகம் என்று ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் கைவைத்த அன்று பாதி மீசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒரே நேரத்தில் பெண் பார்க்க வந்து சேர்ந்தார்கள். நாவுலக்காரர் போனில் மீசை இல்லை. கலேவெலக்காரர் மீசையைக் கண்டும் பரவாயில்லை என்று வந்தவர்கள். எது சரியான படம் என்று அவர்கள் சண்டை பிடிக்க, சரியான ரஜிதா நடுவில் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கலேவெல மாப்பிள்ளையின் தாய் எழுந்து, அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள்.

ராசம்மா குறுக்கே வந்து நின்றாள். “கைய எடுங்க! என் புள்ள என்ன சந்தைக்கு வந்த ஆடா? எந்திரிங்க எல்லாரும்!”

அவர்கள் போன பிறகு மகள் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. “இந்தப் படத்த என்னடி பண்றது?”

“ரெண்டு பேரும் சேந்து செய்வோம்மா. என்னைய மட்டும் எடுத்துருவோம்.”

இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் ரஜிதாவைத் துடைத்தார்கள். மாவட்டத்துப் போன்கள் எல்லாம் முதல் தடவையாக ஒத்துப்போயின. படத்தில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் இருந்தது.

நாகமுத்து தொழிலை விடவில்லை, அதையே காட்டினார். அடுத்த மாதம் மூன்று குடும்பங்கள் நாற்காலியைப் பெண் கேட்டு வந்தன. ராசம்மா மரியாதையாகவே சொல்லி அனுப்பினாள்: “அதக் குடுக்க மாட்டோங்க. அதுல என் மக உக்காருவா.”