தப்பான பிள்ளைக்குச் சுற்றிய பஞ்சு

கன்னம் புடைத்து ஒரு கண் பாதி மூடிப் போயிருந்தும், அவள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. எடுக்கட்டும்.

"வீட்டுல யாருக்காவது ரத்தம் நிக்காத வியாதி இருக்கா?" என்று டாக்டர் கேட்டதில் ஆரம்பித்தது.

"அவங்கப்பாவுக்கு இருக்குங்க, ஹீமோஃபிலியா," என்று அம்மா முந்திக்கொண்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு அது வராது. நீங்க பிடுங்குங்க."

வராதாம்! அந்த ஒரு சொல்லை நம்பித்தானே வீட்டில் இத்தனை வருஷம் கூத்து நடந்தது. தம்பிக்குச் சைக்கிள் கிடையாது, பந்து கிடையாது; மேசை முனைக்கெல்லாம் பஞ்சு. மாதாமாதம் ரத்தத்தில் படுக்கை நனைந்து, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவள் இவள். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். போன வாரம் அப்பாவின் முட்டிக்குள் ரத்தம் கசிந்து ஊசி போடக் கூட்டிப் போனபோதுதான் அங்கிருந்த நர்ஸ் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகவே போகாது. மகளுக்குத் தப்பாமல் போகும். சில மகள்களுக்கு ரத்தம் உறைவதும் குறைவாகவே இருக்கும்.

"எனக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணாம பல்லைத் தொடக் கூடாது டாக்டர். அப்பாகிட்டேருந்து இது மகளுக்குத்தான் போகும், மகனுக்குப் போகாது," என்றாள் அவள்.

கதவோரம் நின்ற தம்பிக்கு இது புதுச் செய்தி. மீசை முளைத்த நாளிலிருந்து பிளேடுக்குப் பயந்து மெஷினில் சவரம் செய்கிறவன் அவன். "அப்போ என்னை ஏம்மா சைக்கிள் விட விடல?" என்றான். அம்மா இவள் பக்கம் குனிந்தாள்.

"வாயைத் திறடி. இருக்குன்னு வெளிய தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்?"

"வர்றவன் தெரிஞ்சே வரட்டும். உன் மானத்துக்காக நான் ரத்தம் கொட்டிச் சாக மாட்டேன்மா."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணு சொல்றதுதான் சரி. ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் ரத்தத்தை இளக்காத வலி மாத்திரை தர்றேன்," என்றார்.

பக்கத்து லேபில் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார்கள். நின்றுவிட்டது. "பார்த்தியா, நின்னுடுச்சு," என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டுவதற்குள் சட்டைக் கையில் ஈரம் பட்டது.

அவள் சட்டைக் கையைச் சுருட்டி விட்டு, மறுபடி சிவந்துகொண்டிருந்த முழங்கை மடிப்பை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை.