வெள்ளிக்கிழமைப் பரிந்துரைகள்

ரசம் ஊற்ற வந்த கரண்டி நடுவழியில் நிற்கிறது, அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, சோற்றில் விழாமல் மேசை விரிப்பில் விழுகிறது, கரண்டியைப் பிடித்திருக்கும் சண்பகவல்லி அதைத் துடைக்கவில்லை, எதிரே வடிவு கைப்பேசியை மூக்குக்கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டே இருக்கிறாள், அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஆறு வருடமாக அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் வடிவு நிறுத்துவதில்லை, குரலை ஏற்றி இறக்கி, தொண்டையைச் செருமி, பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் பேசுகிறவளைப் போல வாசித்து முடிக்கிறாள், முடித்துவிட்டு எப்பிடி இருக்கு என்று தம்பியைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கிறாள்.

சங்கரவடிவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர், பிரிசம், லென்சு, ஊசல் குண்டு எல்லாவற்றையும் காலையில் எடுத்து வைத்து மாலையில் துடைத்து உள்ளே வைப்பது வேலை, கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வயதில் சொன்னாள், அதன்பிறகு யாரும் கேட்கவில்லை, தம்பி ஆவுடையப்பனின் வீட்டு மாடியில் தனிச் சமையல், தனி மின்மீட்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே சாப்பாடு. ஆவுடையப்பன் ஒரு தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுசன் என்று ஊரில் பெயர், அவன் மனைவி சண்பகவல்லி கோவில்பட்டிக்காரி, கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள், கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. வடிவுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை, மிச்சப் பாதி எட்டாம் துறைமுகத்தில் இருந்தது, அது தொண்ணூறுகளின் கடைசியில் சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தமிழ் பேசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடர், சூரியன்கள் இரண்டு உள்ள ஒரு மண்டலத்தில் பழுதடைந்த கலங்களைச் செப்பனிடும் ஒரு துறைமுகம், அதன் தலைவர் கேப்டன் டோரன், திசை பார்க்கும் அதிகாரி மிரேன் என்ற பெண், அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே தெரியுதாக்கா தெரியுதாக்கா என்று கத்துவான், தெரியுதுல, எறங்கி வா, டோரன் வந்துட்டாரு என்று அவள் கத்துவாள், இரண்டு பேரும் ஒரே தட்டில் பொரிகடலை தின்றபடி பார்ப்பார்கள், அவன் டோரனைப் போல இரண்டு விரலை நெற்றியில் வைத்து வணக்கம் சொல்லுவான், அந்த இரண்டு விரலை அவள் இன்றைக்கும் பார்க்கிறாள், அந்தப் பையனும் இந்த ஆளும் ஒருவன்தானா என்று அவளுக்குப் புரிவதில்லை, ஒருவன்தான்.

தொடர் முடிந்து போயிற்று, பிறகு அதற்கு ஒரு கிளைத் தொடர், ஒரு திரைப்படம், மறுபடி புதிய நடிகர்களோடு இன்னொரு தொடர், எல்லாவற்றையும்விட வடிவைப் பிடித்துக்கொண்டது ரசிகர்கள் எழுதும் கதைகள்தான், அந்தத் துறைமுகத்தை, அந்த ஆட்களை வைத்து அவரவர் வீட்டிலிருந்து தமிழில் எழுதி இணையத்தில் போடும் கதைகள், இரண்டாம் பருவத்தில் செத்துப்போன பொறியாளர் சாகாமல் பிழைத்துக்கொள்ளும் கதைகள் மட்டுமே நாற்பது இருக்கும், துறைமுகத்துக் கணினி முதன்முதலாகப் பொய் சொல்லப் பழகும் கதை ஒன்று, மூன்று கண் உள்ள வைத்தியருக்கு ஊர் நினைப்பு வந்து அழும்போது மூன்றாவது கண் மட்டும் அழாமல் இருக்கும் கதை ஒன்று, வடிவு எல்லாவற்றையும் படித்தாள், படித்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே, வலைப்பூ ஒன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து கதைகளைப் பரிந்துரைத்தாள், ஏன் பிடித்தது, எந்த வரியில் மூச்சு நின்றது, எந்த இடத்தில் எழுதியவருக்குக் கை நடுங்கியிருக்கிறது என்றெல்லாம், எங்கோ மஸ்கட்டிலும் திருப்பூரிலும் இருந்தவர்கள் வடிவக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று எழுதினார்கள், ஆய்வகத்தில் ஊசல் குண்டைத் துடைக்கும் கைக்கு அது எத்தனை பெரிய கிரீடம்.

அந்த வரிசையில் ஒரு நாள் தீக்குச்சி என்ற புனைபெயரில் ஒரு தொடர்கதை வந்தது, உணவுத் தளம் என்று பெயர், கேப்டன் டோரன் மிரேனைக் கல்யாணம் செய்துகொள்கிறார், செய்துகொண்ட பிறகு மேல்தளத்தில் ஒரு வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எதற்கு என்கிறார், நட்சத்திர வரைபடம் போட்டவள் உணவுத் தளத்துக்கு இறங்குகிறாள், அவர் அடிப்பதில்லை, திட்டுவதில்லை, பிடிக்காவிட்டால் பேசுவதில்லை, ஒரு முறை நாற்பத்தோரு நாள் பேசவில்லை, கோபம் கூடினால் அவள் அறைக்குக் காற்று விடும் திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பணிக்குப் போய்விடுவார், சாகமாட்டாள், மூச்சு மட்டும் சிரமமாக இருக்கும், மாலையில் வந்து திருகை மாட்டிவிட்டு, என்ன இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கே என்று கேட்பார். படித்த அன்று வடிவு ஆய்வகத்திலேயே நின்றுவிட்டாள், அந்த வெள்ளிக்கிழமை மற்ற நான்கு கதைகளை விட்டுவிட்டு அதைப் பற்றி மட்டும் எழுதினாள், கையோங்காத ஒரு மனிதனைப் பார்த்து இவ்வளவு பயப்பட முடியுமா, நிஜத்தில் இப்படி ஓர் ஆள் இருக்க முடியாது, ஆனாலும் நம்ப வைக்கிறார், இப்படி ஒருவனை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்க எப்பேர்ப்பட்ட கற்பனை வேண்டும் என்று எழுதினாள், எழுதிக்கொண்டிருந்தபோது சண்பகவல்லி மேலே வந்து அவளுடைய மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், கீழ கரண்ட் இல்ல மதினி என்றாள், ஒனக்கு மட்டும் எப்பிடித்தான் இல்லாமப் போவுதோ, ஆவுடைகிட்டச் சொல்லி ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு என்று தலையைத் தூக்காமலே சொன்ன வடிவு அடுத்த வாக்கியத்தைத் தட்டினாள். ஒவ்வொரு வாரமும் ஓர் அத்தியாயம், ஒவ்வொரு வாரமும் ஒரு புகழ்ச்சி, மிரேன் தப்பிக்க வேண்டும் என்று வடிவு ஒரு வாரம் எழுதினாள், யாராவது அவளிடம் தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் கதவைத் திறந்துவிடுவாள் என்று இன்னொரு வாரம் எழுதினாள், அந்த வாரங்களில் சண்பகவல்லி முகம் தெளிந்திருந்ததும், மாடிப்படியில் ஏதோ பாட்டை முனகியபடி ஏறி வந்ததும், கிண்ணத்தில் பால்பாயசம் கொண்டுவந்து ஒங்களுக்குத்தான் மதினி என்று வைத்துவிட்டுப் போனதும் அவளுக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, அப்போது பாயசத்தைக் குடித்தாள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் அத்தியாயம் வந்த வாரத்து ஞாயிறு அது, ஆவுடையப்பன் தட்டில் விழுந்த சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை இரண்டு விரல் அளவு தள்ளி வைத்திருந்தான், அதை வடிவு பார்த்தாள், சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான், அதனால் பார்க்கவும் இல்லை, நம்ம டோரனப் பத்தி ஒருத்தரு எழுதுதாரு ஆவுடை, ஒனக்குப் பிடிக்கும், கேளு என்றாள், பொரிகடலைத் தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பையனிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னாள், வாசித்தாள், கேப்டன் தட்டை முகர்ந்தார், இரண்டு விரல் தள்ளி வைத்தார், விரலை மேசை விளிம்பில் துடைத்தார், மிரேன் மனதுக்குள் ஒன்று என்று எண்ணினாள், நாளைக்கு இரண்டு, எத்தனையில் முடியும் என்று அவருக்குத்தான் தெரியும். கரண்டி நின்றது அங்கேதான், சண்பகவல்லி பயந்து நின்றாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவள் முகத்தில் இருந்தது பயம் இல்லை, எதையோ எதிர்பார்த்து நிற்கிற முகம், பந்தியில் அடுத்து தன் இலைக்குத்தான் வரும் என்று தெரிந்துகொண்ட குழந்தையின் முகம், வடிவு வாசித்து முடித்து, எப்பிடி இருக்கு என்றாள், யாரு எழுதுனதுக்கா என்றான் அவன், தீக்குச்சின்னு ஒரு ஆளு, யாருன்னு தெரியல, ஆம்பளையாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வடிவு அப்பளத்தை எடுத்து நொறுக்கினாள், சண்பகம், ரசம் ஆறுதே, ஊத்தும்மா என்றாள். ஆவுடையப்பன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான், வெகு நேரம் இல்லை, ஒரு வாய் சோறு மெல்லும் நேரம்தான், நல்லா எழுதிருக்கா என்றான், தள்ளி வைத்த தட்டை இழுத்து முழுவதும் சாப்பிட்டான், இரண்டாம் தடவை சோறு கேட்டான், எழுதிருக்காரு என்று சொல்லாமல் எழுதிருக்கா என்று அவன் சொன்னது வடிவின் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

புதன்கிழமை இருபத்திரண்டு அத்தியாயங்களும் இணையத்திலிருந்து காணாமல் போயின, வடிவக்கா என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள், எழுத்தாளர்களின் பொறுப்பின்மை பற்றிக் கொஞ்சம் கோபமாகவே அவள் ஒரு பத்தி எழுதினாள். சண்பகவல்லி மாடிக்கு வருவது நின்றது, போன் பழுதாயிட்டு மதினி என்று ஒரு நாள் படிக்கட்டில் நின்று சொன்னாள், கையில் பட்டன் வைத்த பழைய போன். மூன்றாவது வாரம், கல்லூரியில் அன்று ஒரு நாள் விடுமுறை, சித்திரை வெயில், வடிவு மோர் கொண்டு கீழே போனாள், அடுப்படியில் சண்பகவல்லி நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகு நனைந்து சேலை ஒட்டியிருந்தது, மறுபடியும் கரண்ட் இல்லையா, இரு, நான் பாக்கேன் என்று வடிவு வாசலில் இருந்த பெட்டியைத் திறந்தாள், ஃபியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பித்தளைப் பல் மட்டும் இருந்தது, ஏம்மா, கட்டய எங்க காணும் என்று கேட்டாள், ஒங்க தம்பி சட்டப் பையில இருக்கும், சாயங்காலம் வந்து மாட்டுவாவ என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, சாதாரணமாக, கடைக்குப் போயிருக்கிறார் என்பதைப் போல. வடிவு பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றாள், கையிலிருந்த செம்பு சாய்ந்து மோர் படியில் ஒழுகியது, இருபத்திரண்டு அத்தியாயமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்த வீட்டின் அடுப்படியில், கூடத்தில், இந்த மேசையில் உட்கார்ந்தன, எதையும் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை, எல்லாம் அவள் காலடியில் இருந்திருக்கிறது, மேலே விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு அவள் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறாள்.

நீயா சண்பகம் என்றாள். சண்பகவல்லி விசிறுவதை நிறுத்தவில்லை, ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சிருந்தேன் மதினி என்றாள், தெரிஞ்சுதான் வாரா வாரம் எழுதுதியன்னு நெனச்சேன், நேருக்கு நேரா கேட்டா நான் சங்கடப்படுவேன்னு மதினி அதுல எழுதிச் சொல்லுதாவ, நான் இருக்கேன்ட்டின்னு எங்கிட்டச் சொல்லுதாவன்னு நெனச்சு, ஒவ்வொண்ணையும் எத்தன தடவ படிச்சிருப்பேன், மனப்பாடமாச் சொல்லுவேன். வடிவு படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்னைக்கு மேசையில நீங்க போன எடுத்து வாசிச்சியளே, சரி, இன்னைக்கு அவ்வொகிட்டக் கேக்கப் போறாவ, மதினி கேக்கப் போறாவன்னு கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், நீங்க அப்பளம் கேட்டிய. அப்பளம் கேட்கவில்லை, தானே எடுத்துக்கொண்டேன், ரசம்தான் கேட்டேன் என்று ஒரு பைத்தியக்காரத் திருத்தம் வடிவின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. நான் பேசுதேன் அவன்கிட்ட, இன்னைக்கே பேசுதேன் என்றாள். பேசுங்க என்றாள் சண்பகவல்லி, அந்தச் சொல்லில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

பேசினாள், அன்று மாலையே, அவன் செருப்பைக் கழற்றும்போதே, ஏல, ஃபியூஸ் கட்டைய எதுக்குல பையில போட்டுட்டுப் போற என்று கேட்டாள், அவன் கட்டையைப் பையிலிருந்து எடுத்து நிதானமாக மாட்டினான், உள்ளே விசிறி சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது, கதையெல்லாம் ரொம்பப் படிக்காதக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னான், அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது, ஆறு வருடமாகிறது, படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான், மரியாதையாகத்தான் ஒதுங்குகிறான். அடுத்த வியாழக்கிழமை அவனும் பள்ளிக்கூடம் போய், வடிவும் கல்லூரிக்குப் போன பிறகு சண்பகவல்லி ஒரு பையோடு கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை, வடிவிடமும் சொல்லவில்லை, மாடிக்கதவில் ஒரு சீட்டு செருகியிருக்குமோ என்று வடிவு எட்டு நாள் தேடினாள், இருபத்திரண்டு அத்தியாயம் எழுதிய கை அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாள், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, சண்பகவல்லி கணினி முன்னால் உட்கார்ந்து யாருடைய ஆய்வேட்டையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, தலைக்கு மேல் விசிறி முழு வேகத்தில் சுற்றியது, வாங்க, உக்காருங்க என்றாள், மதினி என்று வரும் என வடிவு காத்திருந்தாள், வரவில்லை, டீ வந்தது, அம்மாவுக்கு முட்டு வலி, தெருவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, வழக்கு நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், நடுநடுவே வந்தவர்களுக்கு ஆதார் அட்டையை நகல் எடுத்துக் கொடுத்தாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வடிவு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வந்திருந்தாள், சொன்னாள், எந்திரம் ஓடுகிற சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, சண்பகவல்லி தாளை அடுக்கிக்கொண்டே, அது ஆச்சு, போச்சு என்றாள். இப்ப எழுதுதியாம்மா என்று கேட்டாள் வடிவு. எழுதுதேன். எட்டாம் துறைமுகந்தானா. அதுதான், வேற எனக்கு என்ன தெரியும். எந்தப் பேர்ல எழுதுத, சொல்லு, நான் படிக்கேன், படிக்க மட்டும் செய்யுதேன். சண்பகவல்லி அப்போதுதான் கையை நிறுத்திவிட்டு அவளை நேராகப் பார்த்தாள், கோபம் இல்லை, வன்மம் இல்லை, வாசலில் நிற்கிற தெரியாத ஆள் விலாசம் கேட்டால் ஒரு பெண் பார்ப்பாளே அப்படி, அது ஒங்களுக்கு வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை வருகிறது, போகிறது, மஸ்கட்காரர் இன்னும் கேட்கிறார், வடிவக்கா, ஏதாவது சொல்லுங்களேன், இந்த வாரம் எதைப் படிக்க, முன்பு போலவே அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள், முன்பைவிட அதிகமாகவே படிக்கிறாள், புதிய பெயர் ஒன்றையும் விடுவதில்லை, ஒரு கதையில் மிரேன் தனிக் கலம் ஓட்டிக்கொண்டு இரட்டைச் சூரியனைத் தாண்டிப் போகிறாள், இது அவள்தான் என்று வடிவுக்குப் படுகிறது, இன்னொன்றில் மிரேன் கிழவியாகி ஒரு நிலவில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், இதுவும் அவள்தான், மற்றொன்றில் மிரேன் செத்துப்போகிறாள், அதைப் படித்த அன்று கோவில்பட்டிக் கடைக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் ஹலோ என்று குரல் கேட்டதும் வைத்துவிட்டாள், நல்லா இருக்கு என்று எழுதக் கை போகிறது, முதல் எழுத்தைத் தட்டுகிறாள், யார் வீட்டு மேசையில் யார் அதைப் பார்ப்பார்களோ என்று அழிக்கிறாள், பக்கத்தை மூடுகிறாள், அடுத்த கதையைத் திறக்கிறாள், அதில் யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாதவள், ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டு இருக்கிறாள்.