திறக்காமல் திருப்பியது

இடுப்பளவு ஆழத்தில் பாறை வந்துவிட்டது. வெர்லின் கடப்பாறையை ஓங்கிப் போட்டார். பொறிதான் தெறித்தது. கல் அசையவில்லை.

"மாமா, மேல ஏறுங்க. உங்களுக்கும் சேர்த்து இன்னொரு குழி வெட்ட எனக்குத் தெம்பில்ல," என்றான் தங்கை மகன் ஆர்லிஸ்.

"வாய மூடிட்டு மண்ண அள்ளுடா."

இந்தக் கென்டக்கி மலையில் சொந்தக்காரர்கள்தான் குழி வெட்டுவார்கள். மெஷின் வைத்திருப்பவன் டவுனில் இருக்கிறான், ஒரு மணி நேரத்தில் வெட்டித் தந்துவிடுவான். வெர்லின் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க நிலக்கரி வெட்டிய கை மகளுக்கு ஒரு குழி வெட்டாதா? மதியம் ரொவீனாவைக் கொண்டுவருகிறார்கள். எட்டாம் மாதத்தில் போனாள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை மட்டும் காப்பாற்றினார்கள். அது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது, அதன் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

சாவுக்குக் காரணம் நீர்க்கடுப்பு. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, அடிவயிறு இழுக்கிறது என்று கிளினிக்குக்குப் போனாள். பிள்ளை அழுத்துகிறது, நிறையத் தண்ணீர் குடி என்று அனுப்பிவிட்டார் டாக்டர். நீர்ப்பையில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. அன்றைக்கே பிடித்த மூத்திரத்தில் கிருமி இருந்ததாக ரிசல்ட் வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. செத்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூத்தவள் டெல்மா மேடேறி வந்தாள். கறுப்புக் கவுன், அதற்கு மேல் புருஷனுடைய பழைய கோட்டு. குழி ஓரத்தில் நின்றாள்.

"போதகர் பன்னெண்டுக்கு வந்துருவாராம், அப்பா."

"வரட்டும். நீ ஒரு காரியம் பண்ணு. வீட்டுக்குப் போய் உன் கம்ப்யூட்டரத் திறந்து, அந்த டாக்டர் அன்னைக்கு என்ன எழுதினான்னு பாத்துட்டு வா."

டெல்மாவின் வேலையே அதுதான். அந்தக் கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டிலிருந்தே கோடிங் செய்கிறாள். டாக்டர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். அடுப்படி மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் வியாதியை எண்ணாக்குவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று வெர்லின் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"பாக்கக் கூடாதுப்பா. மாப்பிள்ளை எழுதிக் கேட்டா அவங்களே குடுத்துருவாங்க."

"குடுக்கறதுக்குள்ள மாத்திருவானுங்க."

"மாத்தினா மாத்தின தேதி அதுல விழும்."

வெர்லின் சிரித்தார். சுரங்கத்தில் ஆட்கள் இறங்குமுன் ஒருவன் போய் வாயு இருக்கிறதா என்று பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் பாறையில் தேதி போட வேண்டும். நாளைய தேதியை இன்றைக்கே போட்டுவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியவர்களை அவருக்குத் தெரியும். அந்தத் தேதியை நம்பி இறங்கிச் செத்த இரண்டு பேரைத் தூக்கிச் சுமந்தும் இருக்கிறார்.

"தேதியாம் தேதி! போய்ப் பாருடி."

"வேலை போயிரும்."

"உன் தங்கச்சியே போயிட்டா."

ஆர்லிஸ் மண்வெட்டியை நிறுத்தினான். "மாமா, விடுங்க. இன்னைக்கு வேணாம்."

டெல்மா கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டாள்.

"அவ ஃபைல் எனக்கே வந்துச்சுப்பா."

"எப்ப?"

"அவ கிளினிக் போயிட்டு வந்த அடுத்த வாரம். ரிசல்ட்டெல்லாம் வந்த பிறகுதான் எங்களுக்கு அனுப்புவாங்க."

"படிச்சியா?"

"இல்ல. பேரத்தான் பாத்தேன். சொந்தக்காரங்க ஃபைலத் திறக்கக் கூடாது, அது ரூல். உறவுன்னு போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். வேற யாருக்கோ போச்சு."

"அந்த யாரோ?"

"டாக்டர் எழுதினதுக்கு ஒரு எண்ணப் போட்டு முடிச்சிருப்பாங்க. டாக்டர் எழுதாத நோய நாங்களா போட முடியாதுப்பா. அதனால பாதிப் பேர் ரிசல்ட் பக்கமே போறதில்ல."

"நீ போவியா?"

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? நீ போவியா?"

"போவேன்." குரல் கீழே இறங்கிவிட்டது. "நான் எப்பவும் போவேன். கிருமி இருந்து டாக்டர் ஒண்ணும் எழுதலேன்னா, மருந்து குடுத்தீங்களான்னு கேள்வி அனுப்புவேன். பதில் வர்ற வரைக்கும் ஃபைல மூட மாட்டேன்."

வெர்லின் கடப்பாறையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"அந்த வாரம் அவ நம்ம வீட்டுல சாப்பிட்டா," என்றார்.

"ஆமாப்பா. ஃபைலத் திருப்பின அன்னைக்குச் சாயங்காலம்."

"நீ பக்கத்துல உக்காந்திருந்த."

"எப்படி இருக்குன்னு கேட்டேன். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார்னு சொன்னா. சரின்னுட்டேன்." டெல்மா மூக்கை உறிஞ்சினாள். "நேத்து மேனேஜர் போன் பண்ணினாங்க. துக்கம் கேட்டாங்க. ஃபைலத் திறக்காம அனுப்பினது ரொம்பச் சரின்னு சொன்னாங்க."

"பதக்கம் எப்பத் தருவாங்களாம்?"

ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெர்லின் மறுபடி பாறையை இடிக்க ஆரம்பித்தார். இப்போது விளிம்பில் ஒரு விரிசல் கண்டது. அதில் நுனியைச் செருகி நெம்பினார். நெம்பின துண்டுகளை ஆர்லிஸ் வாங்கி மேலே எறிந்தான். டெல்மா போகவில்லை. மேலே வந்து விழும் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். குழி தோளுக்கு வந்தது.

கீழே பாதையில் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது.

"போதும் மாமா. இதுக்கு மேல வேணாம்." ஆர்லிஸ் மண்வெட்டியை வெளியே போட்டுவிட்டு எம்பி ஏறினான். முழங்காலிட்டுக் கையை நீட்டினான்.

எதிர்ப்பக்கம் டெல்மாவும் முழங்காலிட்டாள். அவளும் கையை நீட்டினாள்.

வெர்லின் கடப்பாறையை முதலில் மேலே கொடுத்தார். பிறகு ஆர்லிஸின் கையைப் பிடித்து, பாறை விளிம்பில் காலை ஊன்றி, முக்கி மேலே வந்தார். தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்டப் பாதைப் பக்கமாக இறங்கிப் போனார்.

டெல்மாவின் கை இன்னும் கொஞ்ச நேரம் குழிக்கு மேல் நீண்டிருந்தது. பிறகு அதை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதில் மண் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கவுனில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.